'நடை'யைத் தேடிச் செய்யூர் வரை

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் 'மாமல்லபுரம்' என்று பலகை மாட்டியிருந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துனர் படிக்கட்டில் நின்று, "மாபலிபுரம், மாபலிபுரம்" என்று கூவ ஆரம்பித்தார். பதறிப்போய் இறங்கிவிட்டேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

அருகில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்: "ஏம்மா எறங்கிட்ட?"

"நான் மாமல்லபுரம் போகணும்."

"அதான் போவுதே."

"அவரு வேற ஊர்ப் பேரைச் சொன்னாரே?"

"ரெண்டும் ஒரே ஊருதாம்மா. அதுக்கு ரெண்டு பேரு கீது. நீ எந்த ஊரு?"

ஈப்போ என்றேன். விளங்கவில்லை. மலேசியா என்றதும் ஒரு கொய்யாவைக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் கொய்யாவுக்குப் புளிப்பும் இனிப்பும் கலந்த ஒரு பொடியைத் தூவுவோம். அதை நினைத்துக்கொண்டு கடித்தேன். அடுத்த பஸ் வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றேன்.

நான் இந்தப் பக்கம் வந்ததற்கு வெளியே சொல்லிக்கொண்ட காரணம் ஒரு கல்யாணம். என் கணவரின் சித்தப்பா மகள் வழியில், செங்கல்பட்டில். முதல் நாள் முழுக்க மண்டபத்தில் கழிந்தது. காலையில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "நாஸ்தா ஆச்சா?" என்றார். நாஸ்தா என்பது ஏதோ சடங்கு என்று எண்ணி, "மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் செய்வாங்கன்னு நினைக்கிறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் 'பசியாறிட்டீங்களா' என்றுதான் கேட்போம். அப்படி நான் கேட்டபோதெல்லாம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சொல்லிக்கொள்ளாத காரணம் வேறு. ஈப்போவில் தர்மத்துக்கு நடக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நான் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். யார், எந்த நாளில், எந்த நாற்காலியில் வந்து படுக்க வேண்டும் என்பதை ஓர் இணையதளம் பார்த்துக்கொள்கிறது. ஒரு நோயாளியின் மகன் இலவசமாகக் கட்டிக் கொடுத்தது. அவனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. "பயப்படாதீங்க அக்கா, அதுவா ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சில வருடம் அதுவாகத்தான் ஓடியது. ஓடாதபோது நான் வீடியோ பார்த்துப் பார்த்து ஏதோ கற்றுக்கொண்டேன். கணக்குப் படித்தவள் நான். கணினி நிரல் எனக்கு இன்னும் பாதி இருட்டுதான்.

அந்தத் தளம் ஜாங்கோ என்கிற ஃப்ரேம்வொர்க்கில் கட்டியது. வீட்டுக்கு அஸ்திவாரமும் தூணும் போல அது என்று புரிந்துகொண்டேன். ஆனால் தூணை வைத்துக்கொண்டு குடியிருக்க முடியாதாம். அதைச் சுற்றி நிறைய பேக்கேஜ்கள். உள்ளே நுழைவதற்கு ஒன்று, படிவங்களை அழகாகக் காட்ட ஒன்று, குறுஞ்செய்தியைப் பின்னணியில் அனுப்ப ஒன்று. இதையெல்லாம் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி, எடுத்துக்கொள் என்று வைத்துவிடுகிறார்கள். பெயர்களும் குழப்பம். ஒன்றுக்குச் செலரி என்று கீரையின் பெயர். இன்னொன்றுக்கு 'முறுமுறு' என்று பொருள்படும் பெயர். முதல் முறை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது யாரோ சமையல் சாமான் எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அந்த வரிசையில் ஒன்றுக்கு மட்டும் தமிழ்ப் பெயர்: 'நடை'. நோயாளிகளின் கிழமைகளைக் கணக்குப் போடுவது அதுதான்.

எங்கள் தளம் குடியிருக்கும் சர்வர்க்காரர்கள், பழைய பதிப்புகளை இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். சோதனைக்காக ஜாங்கோவைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். மற்ற பேக்கேஜ்கள் முனகிக்கொண்டே ஏறிவிட்டன. 'நடை' ஏறவில்லை. தெரிந்த ஒரு பையனை வைத்து ஒட்டுப்போட்டு ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் வந்தார்கள். சனிக்கிழமை வர வேண்டிய பா சமாட் என்கிற பெரியவருக்குத் திங்கள் என்று காட்டியது. சனியை விட்டுவிட்டுத் திங்கள் வரை அவர் தாங்க மாட்டார். நல்லவேளை, அது சோதனைதான். எங்கள் தலைமைத் தாதி சிஸ்டர் லிம் அன்றைக்கே ஒரு வெள்ளைப் பலகையை வாங்கி வந்து சுவரில் மாட்டிவிட்டார். "உன் கணினியை விட என் மார்க்கர் பேனா மேல்" என்று மலாயில் சொன்னார். ஆனால் அறுபது பேரைப் பெருநாள் விடுமுறையோடு சேர்த்துப் பலகையில் எழுத முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

'நடை'யை எழுதியவர்கள் இரண்டு பேர். பிரபு, தணிகாசலம். எத்தனையோ மின்கடிதம் போட்டேன். தணிகாசலத்திடமிருந்து பதிலே இல்லை. பிரபு ஒரு வரி எழுதினார்: "வெளியிடும் உரிமை என்னிடம் இல்லை, மன்னிக்கவும். புதுப்பட்டினம் பக்கம் வந்தால் பேசலாம்." சும்மா ஒரு மரியாதைக்கு எழுதியிருப்பார். புதுப்பட்டினம் எங்கே என்று வரைபடத்தில் பார்த்தேன். கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு விரல்கடை தூரம். வருகிறேன் என்று எழுதி, போன் எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. கல் கொத்தும் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஒரு கடை வாசலில் வெள்ளைக்காரத் தம்பதி பிள்ளையார் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கணவன், "இது நம் பெட்டியில் அடங்காது" என்று ஆங்கிலத்தில் சொல்ல, மனைவி, "அப்படியானால் உன் துணிகளை இங்கே விட்டுவிடு" என்றாள். கடற்கரைக் கோயிலை வேலியோரமாக நின்று பார்த்துவிட்டு, புதுப்பட்டினம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். என் மடியில் யாரோ ஒருவருடைய மீன் கூடை.

ஆட்டோ ஓட்டுநர், "சட்ராஸ் வந்துகினு கீது, எறங்குறவங்க எறங்கு" என்றார். பக்கத்திலிருந்த அம்மாளிடம் இது எந்த ஊர் என்றேன். "சதுரங்கப்பட்டினம்" என்றார். பட்டினம் என்று முடிந்ததும் என் ஊர்தான் என்று இறங்கிவிட்டேன். அங்கே ஒரு பழைய கோட்டை இருந்தது, ஆடுகள் இருந்தன, பிரபு இல்லை. போனில் கூப்பிட்டபோது, "இன்னாக்கா, அது வேற பட்டினம். அங்கியே நில்லுங்க, நான் வரேன்" என்று மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டார்.

பிரபு முப்பத்தைந்து வயதிருப்பார். வீட்டு மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறார். அவர் மனைவி ரேவதி அணுமின் நிலைய ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. கீழே மீன் சந்தை. சன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் வஞ்சிரம் விலை காதில் விழுகிறது. ரேவதி நெத்திலிக் குழம்பு ஊற்றினார். எங்கள் ஊரில் அசாம் என்று புளி தூக்கலாக வைக்கிற மீன் குழம்பு போலப் புளிப்பு முன்னால் வரவில்லை, காரம் வந்து, பிறகு தேங்காய் வந்து, கடைசியில்தான் புளி வந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

"ஏன் 'நடை'ன்னு பேரு வச்சீங்க? நடந்து போறதா?" என்று கேட்டேன்.

பிரபு சிரித்தார். "நடைன்னா ட்ரிப்புக்கா. ஒரு நடை மண்ணு, ஒரு நடை தண்ணி. பழைய மகாபலிபுரம் ரோடு அபார்ட்மெண்ட்டுங்களுக்குத் தண்ணி லாரி வுடுறவர் ஒருத்தர் கேட்டாரு. எந்த வூட்டுக்கு எந்தக் கெழம தண்ணின்னு கணக்குப் போட நானும் தணிகாவும் எழுதுனோம். அப்பால எல்லாருக்கும் உதவும்னு வெளிய வுட்டோம்."

நான் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் நோயாளிகள் இத்தனை வருடமாகத் தண்ணீர் லாரியின் ட்ரிப் சீட்டில் படுத்திருக்கிறார்கள்.

பிரபு மடிக்கணினியைத் திறந்து காட்டினார். 'நடை' இரண்டு பாதி. ஜாங்கோவோடு பேசுகிற பாதி அவர் எழுதியது. நாள் கணக்குப் போடுகிற பாதி தணிகாசலம் எழுதியது. புதிய ஜாங்கோவுக்கு ஏற்றபடி தன் பாதியை அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தார். சோதனையை ஓடவிட்டார். தேறியதெல்லாம் பச்சை பச்சையாக வந்து, நடுவில் ஒன்று சிவப்பாக நின்றது.

"இந்த எடந்தான். விடுமுறை வந்தா நாள எப்டி நவுத்தறதுன்னு ஒரு வரி போட்டு வெச்சிருக்கான். புது ஜாங்கோவுல அது ஒக்கார மாட்டேங்குது. வேற மாதிரி எழுதலாம். ஆனா அது எதுக்குன்னே எனக்குப் புரியல."

"எடுத்துட்டா?"

"ஒரு தபா எடுத்தேன்க்கா. தேவையில்லாத வரின்னு நெனச்சி எடுத்து, வெளியயும் வுட்டுட்டேன். பெரிய பேஜாராச்சி. அவந்தான் திருப்பி வெச்சான். அதோட, வெளியிடுற உரிமையையும் எங்கிட்டேருந்து எடுத்துட்டான்." மடிக்கணினியை மூடினார். "அவனையே கேளுங்க. செய்யூர்ல கீறான். வேலைய வுட்டுட்டு நெலத்தப் பாத்துகினு, சவுக்குக் கட்டை லோடு அடிக்கிறான்."

"நீங்களே கேட்கலாமே?"

ரேவதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிரபு எழுந்து சன்னலருகே போனார். ரேவதிதான் சொன்னார்: "ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லக்கா. தணிகாவோட அப்பா தவறுனப்ப இவர் போகல. அன்னைக்குத்தான் எனக்கு வலி எடுத்துச்சு. பொண்ணு பொறந்தா. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை போன் பண்ணாரு. அவர் எடுக்கல."

இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கி, மறுநாள் செய்யூருக்கு பஸ் ஏறினேன். ஏறினேன் என்பதை விட, பிரபு ஏற்றிவிட்டார். நடத்துனரிடம், "அண்ணாத்த, இவங்கள செய்யூர்ல எறக்கி வுடு, மலேசியாக்காரங்க" என்று ஒப்படைத்தார். பாலாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. ஆற்றில் மணல்தான் அதிகம் இருந்தது. அப்புறம் சவுக்குத் தோப்புகள், ஒரே மாதிரி, ஒரே உயரத்தில், வழியெல்லாம். எங்கள் ஊரில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் அப்படித்தான் போகும். அதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும். இங்கேயும் வந்துவிட்டது.

விழித்தபோது பஸ் ஒரு பெரிய ஊரில் காலியாக நின்றது. மதுராந்தகம். நடத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார். "செய்யூர் செய்யூர்னு கத்துனேனேம்மா! வேற யாரோ எறங்குனாங்க, நீதான்னு நெனச்சேன்." தானே தேநீர் வாங்கிக் கொடுத்து, திரும்பிப் போகிற பஸ்ஸின் நடத்துனரிடம் என்னைக் கைமாற்றினார். அந்த ஆள் நான் தூங்குகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தணிகாசலத்தின் வீடு செய்யூருக்குச் சற்று வெளியே, வேர்க்கடலை வயலை ஒட்டி இருந்தது. வாசலில் ஒரு மினி லாரி. அதன் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. நான் குரல் கொடுத்ததும் கிரீஸ் கையோடு வெளியே வந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். ஈப்போ, நாற்காலி, பா சமாட், மாதக் கடைசி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அந்தக் கடுதாசியெல்லாம் நீங்கதானா? நான் தெறக்கறதே இல்லக்கா." கையைத் துணியில் துடைத்தார். "யாரு வழி சொன்னா? அவனா?"

"ஆமா."

உட்காரச் சொன்னார். அவர் அம்மா ஒரு தட்டு நிறைய அவித்த கடலை கொண்டுவந்து, "மல்லாட்டை துன்னும்மா" என்றார். மல்லாட்டை எது என்று நான் தட்டைச் சுற்றித் தேடினேன். கடலைதான் மல்லாட்டையாம்.

அந்த வரி எதற்கு என்று கேட்டேன். தணிகாசலம் யோசிக்கவே இல்லை.

"லீவு நாள்ல லாரி ஓடாது. அன்னிக்கு வர வேண்டிய தண்ணிய மறுநாளைக்குத் தள்ளக் கூடாது, முன்னாடி நாளே எறக்கிடணும். லீவன்னிக்குத்தான் வூட்ல எல்லாரும் இருப்பாங்க. அப்பப் போய்த் தொட்டி காலியா இருந்தா? முன்னாடி நவுத்துனா அந்த நாள் லாரி ரொம்பிடும். அதனால அங்கேருந்து இன்னொருத்தர அதுக்கும் முன்னாடி தள்ளணும். அதத்தான் அந்த வரி பண்ணுது. அவன் பின்னாடி தள்ளிட்டான்."

எங்களுக்கும் அப்படித்தான். பெருநாளுக்கு மையம் மூடினால் நோயாளி முந்தின நாளே வந்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால் உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டிவிடும். நான் அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப நீங்களே கொஞ்சம் சரிபண்ணித் தாங்களேன்."

"இல்லக்கா. நான் அதத் தொடறதில்ல. அவனுக்குச் சொல்லுங்க, பண்ணிக்கட்டும்."

"பிரபு உங்க அப்பா சாவுக்கு வராதது தப்புதான். ஆனா அன்னைக்கு அவரு மனைவிக்குப் பிரசவம்..."

தணிகாசலம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா அதுக்குன்னு? கொழந்த பொறக்கற நேரத்துல யாருக்கா சாவு வூட்டுக்கு வருவா? அதுக்கா கோவப்படுவேன்?"

அவர் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போகும்வரை காத்திருந்து, தணிகாசலம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில அப்பா. நான் கூட இருந்தேன். அன்னிக்குத்தான் இவன் அந்த வரிய எடுத்துட்டு வெளிய வுட்டான். என் பேர்லதான அது கீது? எங்கெங்கிருந்தோ மெசேஜ். திட்டுறான், கெஞ்சுறான், ஒரு ஊர்ல எங்கியோ முதியோர் இல்லத்துக்குத் தண்ணி வரலன்னு எழுதறான். இவனக் கூப்ட்டா போன் எடுக்கல. உள்ள சிக்னல் இல்லன்னு வராண்டாவுல போய் ஒக்காந்து லேப்டாப்ப வெச்சிகினு திருப்பிப் போட்டேன். போட்டு முடிச்சிட்டு உள்ள வந்தா, பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்றாரு, 'ஒங்கப்பா ரெண்டு மூணு தபா ஒன் பேரச் சொல்லிக் கூப்ட்டாரேப்பா'ன்னு." கிரீஸ் துணியை மடித்தார், பிரித்தார். "அப்பா போயிட்டாரு."

நான் முன்பின் தெரியாதவள். நிரல் கேட்க வந்தவள். எழுந்து, "வரேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். பஸ் நிறுத்தம் வரை மினி லாரியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது அவர் அம்மா கொடுத்ததாக ஒரு பை கடலையை நீட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. இதைப் பிரபுவிடம் சொல்வதா வேண்டாமா? தணிகாசலம் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. வரியின் பொருளை மட்டும் சொல்லி வேலையை முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றி, அவள் மனசில் என்ன இருக்கிறதென்று அவளே வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. மற்றவள், "சொல்லிட்டா மட்டும் இன்னா பண்ணப் போற?" என்றாள். அவர்களிடமிருந்தும் எனக்கு ஒரு தெளிவும் கிடைக்கவில்லை.

பிரபுவிடம் முதலில் வரியின் பொருளைச் சொன்னேன். "அட, இதானா!" என்று உடனே உட்கார்ந்து எழுதினார். சோதனையில் சிவப்பு குறைந்தது, போகவில்லை. முன்னால் தள்ளியவர்களை அதற்கும் முன்னால் தள்ளும்போது எங்கோ ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அதற்குள் சிஸ்டர் லிம் கூப்பிட்டார். சர்வர்க்காரர்களிடமிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறதாம். "கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டாயா?" என்று மலாயில் கேட்டார். அவர் அப்படிக் கேட்டால் கோபமாக இருக்கிறார் என்று பொருள்.

போனை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வராண்டாவைப் பற்றிப் பிரபுவிடம் சொல்லிவிட்டேன். சரியா தவறா என்று முடிவு செய்து சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

பிரபு நம்பவில்லை. பழைய மாற்றங்களின் வரலாற்றைத் திறந்து, தான் வெளியிட்ட நாளையும் தணிகாசலம் திருப்பிப் போட்ட நேரத்தையும் பார்த்தார். ரேவதியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் மகள் பிறந்த நாள்தான் அது. பிரசவ அறை வாசலில் போனை அணைத்து வைத்திருந்ததாகச் சொன்னார். "அப்பா சாவுக்குப் போவலன்னுதான் பேசலன்னு... இத்தன வருசமா அதுக்கே மன்னிப்பு கேட்டுக் கேட்டு மெசேஜ் போட்டுகினு இருந்தேன்க்கா." சன்னலைச் சாத்தினார். பிறகு வேர்த்தபோதும் திறக்கவில்லை.

விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "ஏறுங்க."

செய்யூர் வரை நான் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். ஈப்போவில் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. வழியில் ஒரு நாய்க்காக பிரேக் போட்டபோது எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

தணிகாசலம் கடலை வயலில் மோட்டார் கொட்டகை அருகே நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். வரவும் இல்லை, போகவும் இல்லை. பிரபு வரப்பில் நடந்து போனார். நான் எங்கே நிற்பதென்று தெரியாமல் நடுவில் நின்றேன்.

"நீ ஆஸ்பத்திரியில கீறன்னு தெரியும் மச்சான்," என்றார் பிரபு. "அந்த மெசேஜெல்லாம் ஒனக்கு வந்துகினு இருந்துச்சின்னு தெரியாது."

"தெரியாதுன்னா கேட்ருக்கணும்."

"கேக்கறதுக்கு நீ போன் எடுக்கணும்."

"வுடறதுக்கு முன்னாடி கேட்ருக்கணும். அந்த வரி எதுக்குன்னு ஒரு வார்த்த."

"ஆமா," என்றார் பிரபு. "கேட்ருக்கணும். தப்புதான்டா."

தண்ணீர் குழாயிலிருந்து தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கல்லைப் பார்த்தேன், கடலைச் செடியைப் பார்த்தேன், ஒரு கொக்கைப் பார்த்தேன். பிறகு தணிகாசலம் போய் மோட்டாரை நிறுத்தினார். "எங்க ஒடையுது, காட்டு" என்றார்.

கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலில் மடிக்கணினி. தணிகாசலம் முதலில் தொடவில்லை. தள்ளி நின்றே எட்டிப் பார்த்தார். "அங்க இல்ல, அதுக்கு மேல. ம்ஹூம், நீ மொதல்ல லாரிய எண்ற, ஆள அப்பால எண்ற. தல கீழா கீது" என்றார். கொஞ்ச நேரத்தில் பிரபுவின் கையைத் தள்ளிவிட்டுத் தானே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. சோதனை ஓடியது. பச்சை, பச்சை, கடைசி வரை பச்சை.

நான் அழத் தயாராகிவிட்டேன். அப்போதுதான் சண்டை தொடங்கியது.

"ரெண்டு புள்ளி நாலுன்னு போட்டு வெளிய வுடு," என்றார் பிரபு.

"எப்டி ரெண்டு புள்ளி நாலு? பழைய ஜாங்கோவுல ஓடாதுல்ல? மூணுன்னுதான் போடணும்."

"மூணுன்னா பெரிய மாத்தம்னு எல்லாரும் பயப்படுவான்டா. ஒருத்தனும் ஏத்த மாட்டான்."

"பயப்படட்டும். சொல்லாம கொள்ளாம ஒடைக்கறதுக்கு அது தேவல."

பிரபுவின் முகம் சிறுத்தது. அவரும் விடவில்லை. பதிப்பு எண் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அவர்கள் கத்திய கத்தலில் கொக்கு பறந்துவிட்டது. தணிகாசலத்தின் அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்தார். "இன்னாம்மா, அடிச்சிக்கிறானுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியலம்மா. இரண்டா மூணான்னு பேசுறாங்க."

"இன்னாது ரெண்டு?"

அதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப ரெண்டு பேருக்கும் சோறு வெக்கறேன்" என்று திரும்பிப் போனார்.

மூன்று என்றுதான் வெளியே போனது; கூடப் போகும் குறிப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் பிரபு எழுதினார். சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிடும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இரண்டு பக்கமிருந்தும் உபசாரம். அங்கிருந்தே போனில் எங்கள் தளத்தைப் புதிய 'நடை'க்கு ஏற்றினேன். சிஸ்டர் லிம்மை ஸ்பீக்கரில் கூப்பிட்டு, நோன்புப் பெருநாள் வாரத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் பலகையோடு ஒப்பிட்டு ஒவ்வொரு நாற்காலியாகப் படித்துக்கொண்டே வந்தார். மலாய் புரியாவிட்டாலும் இருவரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பா சமாட் பெருநாளுக்கு முந்தின நாள். அவருடைய நாற்காலியில் வேறு யாரும் இல்லை," என்றார் சிஸ்டர் லிம். பிறகு சொன்னார்: "பலகையில் நான் அவரை எழுதவே மறந்துவிட்டேன்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். தணிகாசலம் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "பெரியவருக்குக் கூட யாருனா இருக்காங்களா?" என்று கேட்டார். மகள் வருவாள், வெளியே உட்காராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்றேன். "அது போதும்" என்றார்.

கிளம்பும்போது பிரபு, "வரேன்டா" என்றார். தணிகாசலம் மினி லாரியின் கீழே நுழைந்துவிட்டார்.

பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்: "இப்ப நீங்க ரெண்டு பேரும் சமாதானமா, இல்லையா?"

"தெர்லக்கா," என்றார் பிரபு. "எனக்கும் ஒண்ணியும் தெர்ல."

பாலாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வேலை விஷயமாக இருக்கும் என்று ஓரமாக நிறுத்தி எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடல் பக்கமிருந்து வந்த காற்றில் என் சேலை முந்தானை அவர் முகத்தை மூடியது. அதைக்கூட விலக்கவில்லை.

"யாரு?" என்றேன்.

"தணிகா." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'முண்டம், வெளியீட்டுக் குறிப்புல விடுமுறைன்னு எழுத வேண்டிய எடத்துல வீடுமுறைன்னு எழுதி வெச்சிருக்க. ஒலகமே பாக்குது. வெக்கமா இல்ல?'"

"ஐயோ, திட்டுறாரே," என்றேன்.

"ஆமாக்கா," என்று பிரபு திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "திட்றான்க்கா! என்னத் திட்றான்!"

பின்னால் ஒரு லாரி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே கடந்து போனது. அவர் வண்டியை எடுக்காமல், அந்தச் செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.